கேமராவை ஆள் பிடிக்கிறதா, ரோபோ ஆர்ம் பிடிக்கிறதா: லேப்ராஸ்கோபி ஓ.டி.க்கு புதுசா வர்றவங்களுக்கு முழு வழிகாட்டி

பெங்களூர்ல ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரி ஓ.டி.ல, அதாவது ஆபரேஷன் தியேட்டர்ல, டெக்னீஷியனா இருக்கேன். வயித்துல சின்ன ஓட்டை போட்டு கேமரா விட்டுப் பண்ற லேப்ராஸ்கோபி ஆபரேஷன்ல 11 வருஷமா கேமரா பிடிக்கிற கை இது. கிருஷ்ணகிரி, தர்மபுரி, திருப்பத்தூர் பக்கம் இருந்து ஓ.டி. டெக்னாலஜி முடிச்சிட்டு வருஷா வருஷம் பசங்க வந்து நிப்பாங்க, எல்லாரும் ஒரே இடத்துல தடுமாறுவாங்க, ஒரே காரணத்துக்கு திட்டு வாங்குவாங்க. இப்போ ரெண்டு மூணு வருஷமா புதுசா ஒரு கேள்வி வேற, "அக்கா, கேமரா பிடிக்க ரோபோ கை வந்துருச்சே, நாங்க எதுக்கு இதைக் கத்துக்கணும்?" வாயால அம்பது தடவ சொன்னதை இங்க ஒரே தடவையா எழுதி வைக்கிறேன்.

ஒண்ணு முன்னாடியே சொல்லிடுறேன். உங்க சர்ஜன் இதுல இருந்து மாத்தி ஏதாவது கேட்டா அவங்க சொல்றதுதான். அப்புறம் எந்த மெஷினா இருந்தாலும் கம்பெனிக்காரங்க டிரெயினிங் குடுக்காம தொடாதீங்க.

1. எந்த ரோபோவைப் பத்தி பேசுறோம்னு முதல்ல பிரிச்சுக்கோங்க

புதுசா வர்றவங்க ரெண்டு வேற வேற சாமானைப் போட்டுக் குழப்பிக்கிறாங்க. ஒண்ணு, கேமராவை மட்டும் பிடிக்கிற ஆர்ம். சர்ஜன் வழக்கம்போல பேஷண்ட் பக்கத்துல நின்னு தன் கையால ஆபரேஷன் பண்ணுவார், நம்ம கை இருக்க வேண்டிய இடத்துல ஒரு மெஷின் இருக்கும், அவ்ளோதான். 1994ல அமெரிக்காவுல மருந்து, மருத்துவ சாதனங்களுக்கு அனுமதி குடுக்குற எஃப்.டி.ஏ. கிட்ட அனுமதி வாங்குன ஈசாப் இந்த வகை, அப்புறம் வந்த விக்கி, ஃப்ரீஹேண்ட், சோலோ அசிஸ்ட் எல்லாமே இந்த வகைதான்.

இன்னொண்ணு டா வின்சி மாதிரி முழு ரோபோ சிஸ்டம். அதுல சர்ஜன் தள்ளி ஒரு கன்சோல்ல உக்காந்திருப்பார், கேமராவும் அவர் கையிலயே, கத்திரியும் அவர் கையிலயே. அங்க நம்ம வேலையே வேற, 9வது பகுதியில சொல்றேன்.

இதை ஏன் முதல்ல சொல்றேன்னா, "நாளைக்கு ரோபோ கேஸ்"னு போர்டுல பாத்துட்டு ஒரு பையன் கேமரா ஆர்ம் கவரை எடுத்து வச்சான், வந்தது டா வின்சி கேஸ். அரை மணி நேரம் போச்சு, திட்டு தனி.

2. ஆளா ஆர்மான்னு பேஷண்ட் டேபிள்ல ஏறுறதுக்கு முன்னாடியே கேட்டுக்கோங்க

முந்தின நாள் சாயங்காலம் லிஸ்ட் வரும்போதே சர்ஜன்கிட்ட கேக்கணும். டிரேப் (பேஷண்ட் மேல மூடுற ஸ்டெரைல் துணி) போட்ட பின்னாடி "ஆர்ம் போடலாமா"ன்னா பல மாடல்ல முடியாது, ஏன்னா ஆர்ம் மாட்டுற கிளாம்ப் டேபிள் ரெயில்ல உக்காரணும், அந்த ரெயில் டிரேப்புக்கு அடியில போயிடும். அனஸ்தீஷியா டாக்டருக்கும் தெரியணும், அவங்க ஸ்கிரீன், டியூப், பேஷண்ட்டோட கை வைக்கிற பலகை எல்லாம் அதே ரெயில்தான் பங்கு போடுது.

எது எதுக்கு எதுன்னு என் கணக்கு இதுதான். ஒரே இடத்துல ரொம்ப நேரம் பாக்குற கேஸ்னா ஆர்ம் நல்லது. இடுப்புக்குள்ள ஆழத்துல பண்றது, நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்குற ஹயாட்டஸ்ல தையல் போடுறது, இதுல எல்லாம் படம் ரெண்டு மணி நேரம் ஆடாம நிக்கணும், எந்த மனுஷன் கையும் அவ்ளோ நேரம் நிக்காது. நானும் பிடிச்சுப் பாத்திருக்கேன், 40 நிமிஷம் தாண்டினா தோள்பட்டை தானா இறங்கும், படமும் கூடவே இறங்கும், நமக்கே தெரியாது.

வயிறு முழுக்க சுத்திப் பாக்க வேண்டிய கேஸ், எமர்ஜென்சி, ஏற்கனவே ஆபரேஷன் ஆகி உள்ள எல்லாம் ஒட்டிக் கிடக்குற வயிறு, இதுக்கெல்லாம் ஆள்தான். நிமிஷத்துக்கு நிமிஷம் திசை மாறும், ஆர்மை ஒவ்வொரு தடவையும் ஓட்டிக்கிட்டு இருந்தா சர்ஜனுக்கு கவனம் சிதறும். சாதாரண பித்தப்பை ஆபரேஷனுக்கு ரெண்டுமே ஓடும், ஆள் குறைச்சலா இருக்கா, ஆர்ம் சும்மா நிக்குதாங்குறதைப் பொறுத்து முடிவு பண்ணுவாங்க.

ஆனா ஆர்ம் போட்டாலும் கேமரா பிடிக்கத் தெரிஞ்ச ஒருத்தர் கையலம்பி, கவுன் போட்டு ரெடியா நிக்கணும். இதுல சமாதானமே கிடையாது. "நாங்க எதுக்கு இதைக் கத்துக்கணும்"னு பசங்க கேட்ட கேள்விக்கு பதிலும் இதுதான். ஆர்ம் ஆடாம நிக்கும், ஆனா அடுத்து சர்ஜன் எங்க போகப் போறார்னு அதுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும், ஆனா நம்ம கை ஆடும். அதனால கையால பிடிக்கிறதை முதல்ல கத்துக்கோங்க, ஆர்ம் அப்புறம்.

3. முன்னாடி எடுத்து வைக்க வேண்டியது

10 எம்.எம். 30 டிகிரி ஸ்கோப் (நுனியில லென்ஸ் வச்ச, வயித்துக்குள்ள போற குழாய்) ஒண்ணு, 5 எம்.எம். ஒண்ணு கூடுதலா. கேமரா ஹெட், லைட் கேபிள், ஸ்டெரைல் கேமரா கவர், சின்ன ஃபிளாஸ்க்ல சூடான ஸ்டெரைல் தண்ணி, நல்ல வெள்ளை காஸ் துணி, லென்ஸ்ல தடவுற ஆன்ட்டி ஃபாக். ஆர்ம் கேஸ்னா கூட அதோட டிரேப், ஸ்கோப்பை ஆர்ம்ல பிடிக்க வைக்கிற அடாப்டர். அடாப்டர் 10க்கு தனி, 5க்கு தனி இருக்கும், சைஸ் பாத்து எடுங்க.

ஸ்கோப்பை லைட் பக்கம் தூக்கி கண்ணால பாத்துடுங்க, கீறல் இருக்கா, உள்ள ஈரம் பூத்திருக்கான்னு. லைட் கேபிளுக்கு ஒரு வித்தை இருக்கு. லைட் சோர்ஸ்ல மாட்டாம, ஒரு முனையை சீலிங் லைட் பக்கம் காட்டி இன்னொரு முனையைப் பாருங்க. நல்ல கேபிள்னா முழு வட்டமும் வெள்ளையா மின்னும், உள்ள ஃபைபர் உடைஞ்சிருந்தா கறுப்பு புள்ளி புள்ளியா எள்ளு தூவுன மாதிரி தெரியும். எள்ளு ஜாஸ்தியா இருந்தா அந்த கேபிளை ஒதுக்கி வச்சிடுங்க. பாதி கேஸ்ல "படம் இருட்டா இருக்கு"ன்னு கத்துறப்போ எல்லாரும் கேமராவைத்தான் திட்டுவாங்க, கோளாறு பாத்தா கேபிள்ல இருக்கும். கேபிளை இறுக்கி சுருட்டினா இந்த ஃபைபர்தான் உடையும், பெரிய வட்டமா சுத்தி வைங்க.

ஃபிளாஸ்க்ல தண்ணி நல்ல சூடா இருந்தா போதும், கொதிக்க கொதிக்க வேண்டாம்.

4. ஆன் பண்ற வரிசை: கவர், கேபிள், லைட், ஒயிட் பேலன்ஸ், ஃபோகஸ், அடிவானம்

இந்த வரிசையை மாத்தினா திரும்ப முதல்ல இருந்து பண்ணணும்.

கவருக்குள்ள கேமரா ஹெட்டை இறக்கி ஸ்கோப்பை மாட்டுங்க, அப்புறம் லைட் கேபிள். இதெல்லாம் ஆன பின்னாடிதான் லைட்டை ஆன் பண்ணணும். வெளிச்சம் வந்ததும் சுத்தமான வெள்ளை காஸ் முன்னாடி கொஞ்சம் தள்ளி நிறுத்தி ஒயிட் பேலன்ஸ் பட்டன் அழுத்துங்க. வெள்ளை எதுன்னு கேமராவுக்கு நாம சொல்லிக் குடுக்குற இடம் இது. இங்க தப்பு சொல்லிக் குடுத்தா கேஸ் முடியுற வரைக்கும் அது தப்பாத்தான் காட்டும். ஒருத்தி பீட்டாடைன் பட்ட காஸை காட்டி ஒயிட் பேலன்ஸ் பண்ணிட்டா, உள்ள போய் பாத்தா எல்லாமே நீலம் பாரிச்சு கிடக்கு, சர்ஜனுக்கு எது பித்தநீர் எது பழைய ரத்தம்னே சந்தேகம். வெளிய எடுத்து திரும்ப பண்ணோம்.

அப்புறம் ஃபோகஸ். காஸோட நூல் ஒண்ணு ஒண்ணா பிரிஞ்சு தெரியணும், அப்படி தெரியுற மாதிரி திருகி விட்டுடுங்க, உள்ள போய் திருகிக்கிட்டு இருக்கக் கூடாது.

கடைசியா கேமரா ஹெட்டோட பட்டன் மேல பாக்குற மாதிரி பிடிச்சுக்கிட்டு மானிட்டரைப் பாருங்க, டேபிள் விளிம்பு நேரா தெரியுதா. அதுதான் அடிவானம். அதை வெளியவே பழக்கிக்கணும்.

இன்னொண்ணு, லைட் எரியுற ஸ்கோப்பை டிரேப் மேல படுக்க வைக்கவே வைக்காதீங்க. நுனி கொதிக்கும். நான் வேலைக்கு சேர்ந்த வருஷம், வேற ஒரு ஆஸ்பத்திரி, சர்ஜன் போர்ட் (ஸ்கோப்பும் கருவியும் வயித்துக்குள்ள போற குழாய்) போடுற வரைக்கும் சும்மா வச்சிருந்தேன். கருகுன வாசனை வந்த பின்னாடிதான் பாக்குறேன், டிரேப்புல ஒரு ரூபா காசு அளவுக்கு ஓட்டை. நல்லவேளை பேஷண்ட்டோட தோல்ல படல. அன்னைக்கு சீனியர் சிஸ்டர் திட்டுனது இன்னும் காதுல இருக்கு. ஒயிட் பேலன்ஸ், ஃபோகஸ், அடிவானம் எல்லாம் பாத்து முடிச்சதும், உள்ள போற வரைக்கும் லைட் ஸ்டேண்ட்பைலதான் இருக்கணும்.

5. நிக்கிற இடமும் காதும்

பித்தப்பை கேஸ்ல நம்ம ஊர்ல பெரும்பாலும் சர்ஜன் பேஷண்ட்டோட இடப்பக்கம் நிப்பார், கேமரா பிடிக்கிறவங்க அவருக்குப் பக்கத்துல, கால் பக்கமா. மானிட்டர் எதிர்ல, பேஷண்ட்டோட வலது தோளுக்கு மேல. டேபிள் உயரம் சர்ஜனுக்கு சரியா இருக்கும், உங்களுக்கு இருக்காது, குட்டையா இருந்தா கூச்சப்படாம ஸ்டெப் ஸ்டூல் கேளுங்க. முழங்கையை உடம்போட ஒட்டி வச்சுக்கோங்க. முழங்கை காத்துல தொங்குனா 10 நிமிஷத்துல படம் நடுங்க ஆரம்பிக்கும்.

இங்க பெங்களூர்ல தனியா ஒரு தொல்லை இருக்கு, ஆர்டர் எல்லா பாஷையிலயும் வரும். எங்க சர்ஜன் டென்ஷன் இல்லாதப்போ இங்கிலீஷ், டென்ஷன் ஆனா கன்னடம். "ஸ்வல்ப ஒளகே"ன்னா கொஞ்சம் உள்ள, "ஹிந்தே"ன்னா பின்னாடி. "மேலே"யும் "கெளகே"யும் நமக்கே புரிஞ்சிடும். "எடக்கே" இடது, "பலக்கே" வலது, இதுலதான் தர்மபுரி தம்பி ஒருத்தன் மாட்டினான், "பலக்கே பலக்கே"ன்னு அவர் சொல்ல சொல்ல இவன் பலமா பிடிக்கச் சொல்றாரு போலன்னு கேமராவை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு அசையாம நிக்கிறான்! முதல் நாளே கேட்டு ஒரு துண்டு சீட்டுல எழுதி வச்சுக்கோங்க.

எந்த பாஷையா இருந்தாலும் இடது வலதுங்குறது மானிட்டர்ல தெரியுற படத்தோட இடது வலது. பேஷண்ட்டோடதும் இல்ல, உங்களோடதும் இல்ல.

6. கையால பிடிக்கிறது

இதுதான் முக்கியமான பகுதி, மெதுவா படிங்க.

தொப்புள் பக்கத்துல இருக்குற போர்ட்தான் நம்ம அச்சு. ஸ்கோப் அதுல ஏத்தம் மாதிரி ஆடும், வெளிய நம்ம கை இடது போனா உள்ள நுனி வலது போகும், கையை இறக்கினா நுனி ஏறும். மூளை இதைப் பிடிச்சுக்க கொஞ்ச நாள் ஆகும். அது வரைக்கும் சின்ன சின்னதா அசைங்க, தப்பான பக்கம் போனா உடனே நிறுத்திட்டு திருப்புங்க, "சாரி சார்"னு சொல்லிக்கிட்டே இன்னும் தப்பான பக்கம் போறவங்கதான் ஜாஸ்தி.

ஒரு கை கேமரா ஹெட்ல, பட்டன் எப்பவும் மேல. இன்னொரு கை லைட் கேபிள் மாட்டுற தண்டுல. 30 டிகிரி ஸ்கோப் நேரா பாக்காது, சாய்ச்சுப் பாக்கும், எந்தப் பக்கம் சாய்ச்சுப் பாக்குதுன்னா லைட் கேபிளுக்கு எதிர்ப் பக்கம். கேபிள் மேல இருந்தா கீழ பாக்குது. கேபிளை வலது பக்கம் திருப்புனா இடது பக்கம் பாக்கும். ஒரு உறுப்பை மேல இருந்தும் பக்கத்துல இருந்தும் எட்டிப் பாக்க இதுதான் வழி, 0 டிகிரி ஸ்கோப்ல இது நடக்காது.

புதுசா வர்றவங்க எல்லாரும் செய்ற தப்பு, கேபிளைத் திருப்பும்போது கேமரா ஹெட்டையும் சேர்த்துத் திருப்பிடுவாங்க. அப்போ அடிவானம் சாஞ்சிடும். ஒரு கை பாறை மாதிரி நிக்கணும், ஒரு கை மட்டும் திரும்பணும். அடிவானம் சாஞ்சா என்ன ஆகும்னு லேசா எடுத்துக்காதீங்க, பித்தப்பை கேஸ்ல பெரிய பித்தக்குழாய் எங்க போகுதுன்னு சர்ஜன் மனசுல ஒரு வரைபடம் வச்சிருப்பார், படம் சாஞ்சா அந்த வரைபடமும் சாயும். வெட்டக் கூடாத குழாயை வெட்டுறதுக்கு இது ஒண்ணே காரணமா இருக்காது, ஆனா அதுக்கு நாம வழி விடக் கூடாது.

எது நடுவுல இருக்கணும்? வேலை செய்ற கருவியோட நுனி. ஆனா ஒவ்வொரு சின்ன அசைவுக்கும் துரத்தாதீங்க, பாக்குறவங்களுக்கு கப்பல்ல போற மாதிரி தலை சுத்தும். நுனி படத்தோட ஓரத்துக்குப் போறப்போ மட்டும் மெதுவா நகர்த்துங்க.

எவ்ளோ கிட்ட போகணும்ங்குறதுதான் ஆளுக்கு ஆள் தெரியுற வித்தியாசம். பித்தப்பையையே எடுத்துக்கோங்க. சர்ஜன் புது கருவி உள்ள விடுறப்போ பின்னாடி வாங்க, அந்த கருவி போர்ட்ல இருந்து வர்ற வழி முழுக்க தெரியணும், தெரியாம வந்தா ஈரல்லயோ குடல்லயோ குத்திடும். காலோஸ் முக்கோணத்துல (பித்தப்பையோட குழாயும் ரத்தக்குழாயும் இருக்குற இடம்) கொழுப்பைப் பிரிக்கிறப்போ கிட்ட போங்க. காட்டரி வச்சு சுடுறப்போ ஒரு விரல் அளவு பின்னாடி வாங்க, புகையும் கொழுப்பும் லென்ஸ்ல தெறிக்கும். பித்தப்பைக்குள்ள போறது ரெண்டே ரெண்டு குழாய்தான்னு உறுதி பண்ற இடம் வரும், சர்ஜன் முன்பக்கமும் பின்பக்கமும் காட்டச் சொல்வார், அப்போ அவசரமே படாதீங்க, கேபிளை மெதுவா திருப்பி ரெண்டு பக்கமும் காட்டுங்க. கிளிப் போடுறப்போ கிளிப்போட ரெண்டு காலும், குழாய்க்கு அந்தப் பக்கம் வெளிய வர்ற நுனியும் தெரியணும்.

இதுல எதையும் அவர் கேக்குற வரைக்கும் காத்திருக்கக் கூடாது, கிளிப் அப்ளையர் சிஸ்டர் கையில இருந்து கிளம்புறப்பவே பின்னாடி வந்து கிளிப் வந்ததும் கிட்ட போயிடணும். ஆர்மால முடியாதது இதுதான்.

7. படம் மங்கினா என்ன மங்கல்னு பாருங்க, உடனே வெளிய இழுக்காதீங்க

படம் முழுக்க பனி மாதிரின்னா ஃபாக். ஓ.டி. குளிர்ல இருந்த லென்ஸ் 37 டிகிரி ஈர வயித்துக்குள்ள போனா வேர்க்கத்தான் செய்யும், அதனாலதான் உள்ள விடுறதுக்கு முன்னாடி சுடுதண்ணியில நனைக்கிறது. திரும்பத் திரும்ப ஃபாக் ஆச்சுன்னா வயித்தை உப்ப வைக்கிற வாயு டியூப் எந்த போர்ட்ல இருக்குன்னு பாருங்க. கேமரா போர்ட்லயே இருந்தா குளிர்ந்த கார்பன் டை ஆக்சைடு நேரா ஸ்கோப் மேல அடிக்கும், வேற போர்ட்டுக்கு மாத்தினா பாதி பிரச்சனை போயிடும்.

ஒரு மூலையில மட்டும் மங்கல்னா கொழுப்பு பட்டிருக்கு. சிவப்பா இருந்தா ரத்தம். மேகம் மாதிரி நகர்ந்தா புகை, அதுக்கு லென்ஸைத் துடைச்சு ஒண்ணும் ஆகாது, ஒரு போர்ட்டை லேசா திறந்து புகையை சக்ஷன்ல விடச் சொல்லணும். படம் தெளிவா இருக்கு, ஆனா இடமே சுருங்கிப் போச்சுன்னா அது கேமரா கோளாறே இல்ல, வயித்துல வாயு பிரஷர் இறங்கியிருக்கும். பெரியவங்களுக்கு வழக்கமா 12ல இருந்து 15 மில்லிமீட்டர் மெர்க்குரி வச்சிருப்பாங்க, வாயு ஏத்துற மெஷின் இன்சஃப்ளேட்டர்ல நம்பரைப் பாருங்க, பாதி நேரம் சிலிண்டர் காலியா இருக்கும்.

வெளிய எடுக்கணும்னா "எடுக்குறேன் சார்"னு சொல்லிட்டு எடுங்க, சொல்லாம இழுத்தா அவர் காட்டரியை அழுத்திக்கிட்டே இருப்பார், படம் இல்லாம. துடைச்சு சுடுதண்ணியில நனைச்சு, காய்ஞ்ச காஸ்ல ஒத்தி, திரும்ப விடுங்க. விட்ட உடனே திரும்பவும் சிவப்புன்னா போர்ட் குழாய்க்குள்ளயே ரத்தம் ஒட்டியிருக்கு, அதையும் துடைக்கணும். இதை மறந்துட்டு நாலு தடவ லென்ஸையே துடைச்சுக்கிட்டு இருக்குறவங்களைப் பாத்திருக்கேன்.

8. ஆர்ம் மாட்டுற வரிசை

இங்க வரிசைதான் எல்லாம்.

முதல்ல பேஷண்ட்டை படுக்க வச்சு, டேபிளை எப்படி சாய்க்கப் போறாங்களோ அப்படியே சாய்ச்சுப் பாத்துடணும். பித்தப்பைன்னா தலைப்பக்கம் ஏத்தி, இடப்பக்கம் சாய்ச்சு. அந்த நிலையில ஆர்ம் எங்கயாவது இடிக்குதான்னு பாத்து கிளாம்ப் இடத்தைக் குறிச்சுக்கோங்க. அப்புறம் நேராக்கி கிளாம்பை மாட்டி முறுக்குங்க, கையால பிடிச்சு ஆட்டிப் பாருங்க. சர்ஜன் நிக்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் வச்சா முழங்கை இடிக்கிறது குறையும், ஆனா எந்த மாடலுக்கு எந்த இடம்னு மேனுவல்ல போட்டிருக்கும், அதுதான் சரி.

டேபிள் ரெயில்ல மாட்டுன ஆர்ம் டேபிள் கூடவே சாயும். தரையில நிக்கிற ஸ்டேண்ட் வகைன்னா சாயாது, டேபிள் மட்டும் சாயும், போர்ட் நகர்ந்துடும், ஆர்ம் பழைய இடத்தையே பிடிச்சுக்கிட்டு வயித்துச் சுவரை இழுக்கும். அந்த வகையில ஸ்கோப்பை வெளிய எடுக்காம டேபிளைத் தொடக் கூடாது, அனஸ்தீஷியா டாக்டர்கிட்டயும் இதை கேஸ் ஆரம்பிக்கும்போதே சொல்லி வைங்க, ஏன்னா டேபிள் ரிமோட் அவங்க கையில.

அடுத்து டிரேப், அதுக்கப்புறம் ஆர்முக்கு அச்சு எதுன்னு சொல்லிக் குடுக்குறது. சில மாடல்ல ஆர்மை போர்ட் பக்கத்துல கொண்டுபோய் பட்டன் அழுத்தணும், சிலதுல வளையத்தை போர்ட் மேலயே உக்கார வைக்கணும். அச்சு தப்பாச்சுன்னா ஒவ்வொரு அசைவுக்கும் தோலை இழுத்துக்கிட்டே இருக்கும்.

ஸ்கோப்பை முதல் தடவ உள்ள விடுறது கையாலதான். சர்ஜன் வயிறு முழுக்க ஒரு சுத்து பாப்பார், மத்த போர்ட் எல்லாத்தையும் பாத்துக்கிட்டே போடுவார், இதுக்கெல்லாம் கை வேணும். எல்லா போர்ட்டும் போட்டு முடிச்சு வேலை செய்ற இடத்துக்கு வந்ததும்தான் ஸ்கோப்பை ஆர்ம்ல குடுக்கணும். சீக்கிரம் குடுத்துட்டு திரும்ப எடுத்து திரும்ப குடுக்குறதுலதான் நேரம் போகுது. எங்க டீம்ல ஆரம்பத்துல மாட்ட 20 நிமிஷம் ஆச்சு, இப்போ 7 நிமிஷத்துல முடிஞ்சிடும், மெஷின் அதேதான், வரிசைதான் மாறுச்சு.

ஆர்மை ஓட்டுறது சர்ஜன். சிலதுல குரல், சிலதுல கால் பெடல், ஃப்ரீஹேண்ட்ல தலையைத் திருப்பி பெடலை அழுத்தணும், சோலோ அசிஸ்ட்ல கருவியில மாட்டுன குட்டி ஜாய்ஸ்டிக். கேஸ் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி நாலு திசை, உள்ள, வெளிய எல்லாத்தையும் ஒரு தடவ ஓட்டிப் பாத்துடச் சொல்லுங்க. குரல் வகைன்னா ஓ.டி.ல பாட்டு போடக் கூடாது. மெஷினுக்கு என்ன வார்த்தை பழக்கமோ அதை மட்டும்தான் கேக்கும், "ஸ்வல்ப ஒளகே"க்கு அது அசையாது, அவசரத்துல கன்னடம் வர்ற நம்ம சர்ஜனுக்கு இது ஒரு நாள் முழுக்க கடுப்பு.

பெடல் வகையில ஒரு ஆபத்து இருக்கு, அதைத் தனியா சொல்லணும். தரையில ஏற்கனவே காட்டரி பெடல் இருக்கும். கேமராவை நகர்த்தணும்னு நெனச்சு காட்டரியை மிதிச்சா உள்ள எது சுடும்னு யாருக்கும் தெரியாது. ரெண்டு பெடலையும் ரெண்டு கால் பக்கம் பிரிச்சு வைங்க, வச்ச பின்னாடி சர்ஜனை குனிஞ்சு பாக்கச் சொல்லுங்க. கேஸ் நடுவுல யாராவது பெடலை காலால தள்ளி விட்டா உடனே சொல்லணும்.

ஆர்ம் ஓடுறப்போ கை கட்டி வேடிக்கை பாக்க வேண்டாம். பல ஆர்ம் மேல கீழ, இடது வலது, உள்ள வெளிய மட்டும்தான் போகும், 30 டிகிரியோட கேபிளைத் திருப்புறது நம்ம கைதான். புது கருவி படத்துக்கு வெளிய வருதான்னு நாமதான் சொல்லணும், ஆர்ம் தானா பின்னாடி வராது. அப்புறம் ஆர்மோட முட்டி பேஷண்ட்டோட உடம்புல படுதான்னு அடிக்கடி டிரேப்பைத் தடவிப் பாருங்க, பேஷண்ட் மயக்கத்துல இருக்கார், வலிக்குதுன்னு சொல்ல மாட்டார்.

9. டா வின்சி கேஸ்னா

இங்க கேமராவை சர்ஜன் கன்சோல்ல இருந்து பெடலை அழுத்திக்கிட்டு கைப்பிடியை அசைச்சு தானே ஓட்டுவார். படம் ஆடாது, நீங்க "பின்னாடி வரவா"ன்னு கேக்கவும் வேண்டாம். உங்க வேலை பேஷண்ட் பக்கத்துல. லென்ஸ் துடைக்கிறது, கருவி மாத்துறது, சக்ஷன், ஆர்ம் ஒண்ணோட ஒண்ணு இடிக்குதான்னு பாக்குறது. எக்ஸ்.ஐ. மாடல்ல ஸ்கோப் 8 எம்.எம்., எந்த ஆர்ம்லயும் மாட்டலாம், அதனால நடுவுல வேற போர்ட்ல இருந்து பாக்கணும்னு கேட்டா திகைக்காதீங்க. ஆர்ம் எல்லாம் மாட்டியிருக்கும்போது டேபிளைத் தொடாதீங்க, மெஷினோட இணைஞ்ச தனி டேபிளா இருந்தாத்தான் அது நடக்கும். சர்ஜன் 3 மீட்டர் தள்ளி கன்சோலுக்குள்ள தலையை விட்டுக்கிட்டு இருக்கார், நீங்க தலையாட்டுனா அவருக்குத் தெரியாது, எதுவா இருந்தாலும் வாயால சத்தமா பதில் சொல்லுங்க.

10. திடீர்னு ரத்தம் பீச்சினா

ஆர்ம்ல இருந்து கைக்கு மாறுற நேரம் இது. இதை ஒத்திகை பாக்காம எந்த கேஸுக்கும் நிக்காதீங்க.

ஸ்கோப்பை வெளிய இழுக்காதீங்க, பயத்துல எல்லாரும் செய்றது அதுதான். இழுத்தா சர்ஜனுக்கு கண்ணே போச்சு. ரெண்டு விரல் அளவு பின்னாடி வந்தா போதும், ரத்தம் லென்ஸ்ல தெறிக்காது, மொத்த இடமும் தெரியும். ஆர்ம் கேஸ்னா ஒரு கையால ஸ்கோப்பைப் பிடிச்சுக்கிட்டு அப்புறம்தான் ரிலீஸை அழுத்தணும். முதல்ல ரிலீஸ் பண்ணிட்டு அப்புறம் பிடிக்கப் போனா ஸ்கோப் நழுவி நுனி கீழ இறங்கிடும். பிடிச்சதும் ஆர்மை தூர தள்ளி விடுங்க, ஏன்னா வயித்தைத் திறக்க வேண்டி வந்தா சர்ஜனுக்கு அந்த இடம் வேணும். சக்ஷன் நுனியை மட்டும் பாத்துக்கிட்டே போங்க, ரத்தம் வர்ற இடத்தை அதுதான் காட்டும்.

எங்க ஓ.டி.ல புதுசா வர்றவங்களை கேஸ் இல்லாத மத்தியானத்துல காலி டேபிள்ல நிக்க வச்சு, நான் "ரத்தம்"னு சொன்னதும் கைக்கு மாத்தச் சொல்லுவேன். முதல் தடவ முக்கால்வாசிப் பேர் எமர்ஜென்சி ஸ்டாப்பை அழுத்திட்டு நிப்பாங்க. அது ஆர்மை நிறுத்தும், ஆனா சில மாடல்ல ஸ்கோப்பை விடாது, ரெண்டு பட்டனும் வேற வேற. கண்ணை மூடிக்கிட்டு கை போய் ரிலீஸ்ல நிக்கிற வரைக்கும் பண்ண விடுவேன்.

11. வீட்டுல பழகுறது

சிமுலேட்டர் இருக்குற ஆஸ்பத்திரில இருந்தா அதிர்ஷ்டம். இல்லாதவங்களுக்கு நான் சொல்றது செருப்பு டப்பா. மூடியில ஒரு ஓட்டை, அதுல எண்டோஸ்கோப் கேமரான்னு ஆன்லைன்ல விக்கிறாங்களே, போன்ல மாட்டுறது, அந்த வயரை ஒரு பழைய பேனா குழாயில கட்டி உள்ள விடுங்க. தரமான படம் வராது, பரவாயில்ல, எதிர்த்திசைப் பழக்கம் வரும். டப்பா அடியில ஒரு கோடு கிழிச்சு வைங்க, அதுதான் அடிவானம். புளியங்கொட்டை பத்து போட்டு, தங்கச்சியோ தம்பியோ ஒரு இடுக்கியால ஒவ்வொண்ணா எடுத்து கிண்ணத்துல போடட்டும், இடுக்கி நுனி எப்பவும் நடுவுல, கோடு எப்பவும் நேரா.

ஸ்ரீராமபுரத்துல என் வீட்டுக்கு வந்து பழகுன ஒரு பொண்ணு மூணாவது வாரம் பத்து கொட்டையையும் கோடு சாயாம முடிச்சா. நாலாவது வாரம் எங்க சர்ஜன் அவகிட்ட ஒரு கேஸ் முழுக்க "எடக்கே, பலக்கே"ன்னு ஒரு வார்த்தை பேசல, முடிச்சிட்டு கையுறையைக் கழட்டும்போது "யாரு பிடிச்சது கேமரா?"ன்னு மட்டும் கேட்டார்.